பெண்கள் மண்டபத்துக் கார்ட்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கார்ட்களின் விலைச் சீட்டை மாற்றுவதை புவாத் ஒக்டோபர் மழையோடு விட்டுவிட்டான். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவையாவது பழைய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குறைந்த விலையை எழுதி ஒட்டுவான். சுரண்டிச் சுரண்டி உறைகளின் மூலையெல்லாம் வெளுத்துக் கிடந்தன. இப்போது யாராவது வந்து விலை கேட்டால், "நீங்க எவ்வளவுக்குக் கண்டீங்க?" என்று திருப்பிக் கேட்கிற நிலைக்கு வந்திருந்தான்.

அவன் மனைவி அகீலா பகல் சோற்றைக் கடைக்குக் கொண்டு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதுளை பசார் வீதியில் இருந்து பஸ் நிலையப் பக்கம் இறங்குகிற ஒரு சந்தில் அந்தக் கடை. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு வேண்டிய பற்றரி, லைட், வயர், மெமரி கார்ட். போனுக்குப் போடுகிற நகத்தளவுச் சில்லு அல்ல. பெரிய வீடியோ கமராவின் வயிற்றுக்குள் போடுகிற தடித்த, சதுரமான கார்ட்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று சனம் களைத்துப்போன வருடத்தில் அந்தக் கார்ட் கொழும்பிலேயே கிடைக்கவில்லை. கப்பலில் இனி ஒன்றும் வராது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். புவாத்தும் நம்பினான். ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவை விற்று, கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் மிச்சமிருந்த கார்ட்களை ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தான். அடுத்த வருடமே இறக்குமதித் தடை நீங்கியது. டொலர் இறங்கியது. பேர் கேள்விப்படாத சீனக் கொம்பனிகள் அதே கார்டைச் செய்து அனுப்பின. பேர்போன கொம்பனிகளும் போட்டிக்குத் தங்கள் விலையை வெட்டின. வெலிமடையில் இருந்து வந்த ஒரு வீடியோக்காரர், கொழும்பில் இருந்து கூரியரில் வீட்டு வாசலுக்கே வருகிற விலையைப் போனில் எடுத்து புவாத்திடம் காட்டினார். அது அவன் வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. புவாத் அவருக்குப் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, நல்ல விலை, அங்கேயே வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினான்.

அதன் பிறகு அவன் கட்டாரில் இருக்கிற மச்சானோடு அடிக்கடி போனில் பேசத் தொடங்கினான். அங்கே ஒரு கொம்பனியில் வேன் ஓட்ட ஆள் தேவைப்படுகிறதாம். அகீலா கேட்டால் ஒன்றுமில்லை என்பான்.

அகீலாவும் வீடியோக்காரிதான். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கிற மண்டபத்தில் கமரா தூக்குகிறவள். வாசலில் திரை விழுந்ததும் அபாயாக்கள் கழன்று கதிரை முதுகுகளில் தொங்கும். அதுவரை அடக்கி வைத்திருந்த நிறமெல்லாம் வெளியே வரும். ஐம்பது வயது மாமிகள் கைகோத்துப் பாடுவார்கள். மணப்பெண்ணின் தோழிகள் அவள் கன்னத்தில் கேக்கைத் தேய்த்துவிட்டு ஓடுவார்கள். போன்களை வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவதால் உள்ளே இருக்கிற ஒரே கமரா அகீலாவுடையதுதான். இடுப்பில் பட்டி கட்டி, அந்தக் கனத்தைத் தோளில் சுமந்து, மல்லிகையும் பிரியாணியும் வியர்வையும் கலந்த சூட்டில் அவள் மணிக்கணக்காக நிற்பாள். எந்தப் பெண் கமராவைக் கண்டால் வெட்கப்படுவாள், எவள் கமராவுக்காகவே சிரிப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், பரிமாறியவர்களோடு உட்கார்ந்து, பலர் சேர்ந்து உண்ணுகிற பெரிய தட்டான ஸஹனில், கடைசியாக அவளும் கை வைப்பாள்.

இந்த வேலை அவளுக்கு பர்ஹானுடைய ஸ்டூடியோ வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பதுளையில் அதுதான் பெரியது. ஆண்கள் மண்டபத்துக்கு பர்ஹானின் ஆட்கள் போவார்கள், பெண்கள் பக்கத்துக்கு அகீலா. கமரா அவளுடையது. கார்ட் மட்டும் பர்ஹானுடையது. கமராவுக்கு நிகராகக் கார்ட் விலை போன காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்னால் கறுப்புப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார், முடிந்த கையோடு வாசலில் ஆள் நிறுத்தி வாங்கிக்கொள்வார். படத்தை வெட்டி ஒட்டுகிற வேலையை ஸ்டூடியோ மாடியில் ஸல்மா என்ற பெண் திரை போட்ட அறைக்குள் இருந்து செய்தாள். அவள் கல்யாணமாகி ஹாலிஎல பக்கம் போனபின், வேறொரு பிள்ளை வருகிறது என்று பர்ஹான் சொன்னார். அகீலாவுக்கு மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

மழை விடாமல் பிடித்திருந்த ஒரு பகல் நேரத்தில் ஸனா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஹார்ட்வெயார் கடை மொஹிதீன் ஹாஜியாரின் மகள். அந்த வருட நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவளை வெலிமடையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அகீலாதான் பெண்கள் பக்கம் எடுத்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை, குடையை மடக்கவும் இல்லை. போனை எடுத்து நீட்டினாள்.

ஸ்டூடியோ தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்த விளம்பரம். கார்கள், மாலைகள், மாப்பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்த படத்தின் நடுவே, கண் மூடித் திறக்கிற நேரத்துக்கு, ஸனா. தலைமுடி அவிழ்ந்து, கன்னம் முழுக்கக் கேக்கோடு, வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"ராத்தா, உள்ளுக்கு நீங்க மட்டுந்தானே நின்டீங்க?" என்றாள் ஸனா.

அகீலாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இருந்தது. அதை எடுக்க அவள் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல படம் என்று அப்போதே தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை ஹபீஸின் மூத்த சகோதரர்தான் அதை முதலில் கண்டாராம். கூட்டாளிமார் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. கொஞ்ச நாள் உம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

ஸனாவை அனுப்பிவிட்டு, அகீலா அப்படியே அபாயாவை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். கீழே யாரையும் கேட்கவில்லை. நேராக மாடிக்கு ஏறினாள். ஸல்மா இருந்த அறையில் திரையைக் கழற்றியிருந்தார்கள். இரண்டு இளந்தாரிகள் காதில் ஹெட்போன் மாட்டியபடி கணினிக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவன் கையில் பாதி கடித்த மீன் ரோல். கணினித் திரையில், பசறை வீதியில் போன கிழமை அவள் எடுத்த கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் சாச்சி, தலையில் முந்தானை இல்லாமல், தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

பர்ஹான் பின்னாலேயே ஏறி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாருடைய வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய்க் கதிரை இறக்குகிறவர். விளம்பரத்தில் வந்தது பிழைதான், பையன் தெரியாமல் சேர்த்துவிட்டான், காலையிலேயே எடுத்தாச்சு என்றார். பெண் பிள்ளையொன்று வருகிறது என்று சொன்னீர்களே என்று அகீலா கேட்டதற்கு, தேடிப் பார்த்ததாகவும் யாரும் கிடைக்கவில்லை என்றும், இந்தக் காலத்தில் எவ்வளவு போட்டி தெரியுமா, நாட்டில் கார்ட் மலிந்ததும் மலிந்தது, கமரா வைத்திருக்கிறவனெல்லாம் ஸ்டூடியோக்காரன் ஆகிவிட்டான் என்றும் சொன்னார்.

அப்படியென்றால் பெண்கள் படங்களை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றாள் அகீலா.

"அது ஏலா," என்றார் பர்ஹான். "கார்ட் என்ட. கார்டுக்குள்ள ஈக்கிறதும் என்ட. இத்தன வருஷம் அப்பிடித்தானே நடந்திச்சு?"

"கார்ட் ஒங்கட நானா. மூஞ்சி அவங்கட," என்றாள் அகீலா.

அவர் அடுத்து வருகிற பண்டாரவளைக் கல்யாணத்துக்கான கறுப்புப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். வேலைக்குப் பிந்த வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் அகீலா ஸனாவையும் அவள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வெலிமடை பஸ் ஏறினாள். உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு மேலே மூட்டம் படுத்திருந்தது. ஹபீஸின் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை. மூத்த சகோதரர் முன் அறையில் இருந்தார். உள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அகீலா பேசினாள். படத்தை எடுத்தது நான், வெளியே விட்டது ஸ்டூடியோ, பெண்களுக்கு மட்டும் என்று வாக்குக் கொடுத்த மண்டபத்துக்குள் தன் கல்யாணத்தில் சிரித்தாள் என்பதைத் தவிர இந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, யாரையாவது வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் என்னைத்தான் இந்த ஊருக்குள் வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றாள். மூத்தவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். ஹபீஸ்தான் எழுந்துபோய், வாசலில் இருந்த ஸனாவின் பையைத் தூக்கி உள்ளே வைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அகீலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

வீட்டில் புவாத்தின் முகம் வேறு விதமாக மலர்ந்திருந்தது. பர்ஹான் கடைக்கு வந்திருந்தாராம். இருக்கிற கார்ட் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அடிமாட்டு விலைதான், ஆனாலும் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் போதும். ஒரு நாள் யோசிக்கக் கேட்டிருக்கிறான். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே இதையெல்லாம் சொன்னான்.

அகீலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கார்ட எனக்குத் தாங்க," என்றாள். "ஒரு கல்யாணத்துக்கு ஒரு கார்ட். எடுத்து முடிஞ்சதும் கமராவுல இருந்து கழட்டி மணப்பொண்ணுட கைல குடுக்கப் போறேன். கொப்பி இல்ல, ஒண்டும் இல்ல. வெட்டி ஒட்டுறதும் அவங்கட வீட்டுலயே, அவங்கட கண்ணுக்கு முன்னுக்கு. ஸல்மாவ போன்ல கேட்டேன். பர்ஹான் நானாட மாடிக்கு ஏற மாட்டா. பொண்ணு வீடுன்னா வாறேன்டு செல்றா."

"சும்மா குடுக்கவா நான் ஓட்டோவ வித்தேன்?"

"சும்மா இல்ல. கூலியில சேத்துத்தான்."

"கூலியே எல்லாரும் கொறைக்கிறான் அகீலா. நீ கூட்டிக் கேட்டா யார் தருவாங்க?" புவாத் தட்டைத் தள்ளி வைத்தான். "சந்தைய நான் பாத்துட்டேன். அதுக்கு எதிர்ல நிக்க ஏலா. நான் நின்டு பாத்தவன்."

அவன் குரலில் கோபம் இல்லை. தோற்றதை ஒப்புக்கொண்டு நெடுநாளான மனிதனின் நிதானம்தான் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

"நீங்க அத கண்ணாடிப் பெட்டியில வச்சு ஒவ்வொரு நாளும் கரையிறதப் பாக்குறீங்க. எனக்கு அப்பிடித் தெரியல்ல. முந்தி ஒரு கார்ட ஒரு பொம்புளைக்கு இந்தா வச்சுக்கோன்டு குடுக்க யாருக்காவது ஏலுமா? பர்ஹான் நானாவுக்கே ஏலா. அதுட வெல எறங்கினதாலதான் எனக்கு ஏலும். நம்மள உடைச்ச அதே வெலதான்."

புவாத் கை கழுவ எழுந்துபோனான். இரவெல்லாம் தகரத்தில் மழை அடித்தது. ஹாலிஎலவுக்கும் தெமோதரைக்கும் இடையில் மண் சரிந்து பாதை ஒரு பக்கம் மூடியிருப்பதாகக் காலைச் செய்தியில் சொன்னார்கள்.

பர்ஹான் சொன்னபடி கடைக்கு வந்தார். அகீலாவும் சோற்றுப் பெட்டியோடு அங்கே இருந்தாள். அவர் ஒரு கார்டை எடுத்துக் கண்ணாடியில் தட்டிப் பார்த்தார். பழைய சரக்குதானே என்றார். புவாத் அதற்கு, ஒவ்வொன்றையும் நிரப்பி அழித்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். பர்ஹான் தலையாட்டினார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல ஒன்று சொன்னார்.

"இன்னொன்டு மச்சான். நீங்க கட்டாருக்குப் போற நேரம் அகீலாட கமரா என்ட ஸ்டூடியோவுலேயே நிக்கட்டும். வேற எங்கயும் தூக்க வேணாம். அதையும் பேசி முடிச்சுக்குவோம்."

அகீலா வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் புவாத் அவர் கையில் இருந்த கார்டை மெல்ல வாங்கி, சட்டைத் துணியில் துடைத்து, பெட்டிக்குள் இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நீங்க கார்ட வாங்க வந்தீங்களா, என்ட பொஞ்சாதிய வாங்க வந்தீங்களா?" என்றான்.

பர்ஹான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். புவாத் சிரிக்கவில்லை. சரக்கு விற்பதற்கில்லை என்றான். அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனபிறகும், புவாத் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டே இருந்தான். அகீலா சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்தாள். அவன் அன்றைக்கு அவளையும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னான்.

பண்டாரவளைக் கல்யாணம் பர்ஹான் பிடித்த வேலை. அதை மறைவாகச் செய்ய அகீலாவுக்கு மனமில்லை. கல்யாணத்துக்கு முன்னமே மணப்பெண்ணின் உம்மா ஸுபைராவைத் தேடிப் போனாள். ஸுபைரா பண்டாரவளை நகரில் துணிக்கடை நடத்துபவர். புருசன் கல்லாவில் இருப்பார், வியாபாரம் முழுக்க ஸுபைராவின் கையில். அகீலா சொல்லச் சொல்ல, திரைத் துணியை முழம் போட்டு அளந்துகொண்டே கேட்டார். மாடி அறையைப் பற்றிச் சொன்னபோது கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"முந்தி ஏன் செல்லல்ல?"

"முந்தி எனக்கும் தெரியா ராத்தா. இப்ப தெரியும். அதான் வந்தேன்."

"கார்ட என்ட கைல தருவியா?"

"கமராவுல இருந்து நேரா ஒங்கட கைக்கு."

ஸுபைரா மிச்சத் துணியையும் நேராக வெட்டி முடித்தார். பர்ஹானுக்கு ஆண்கள் பக்கம் இருக்கட்டும், பெண்கள் பக்கத்துக்கு உனக்குத் தனியாகத் தருகிறேன் என்றார். அதை பர்ஹானுக்கு அவரே போனில் சொன்னார். பர்ஹான் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசியில், அந்த மலிவுக் கார்ட் நடுக் கல்யாணத்தில் வெறுமையாகிப்போனால் தன்னிடம் வந்து அழ வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். ஸுபைரா இதை அப்படியே அகீலாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, போகாதுதானே என்று ஒரு தடவை கேட்டும் கொண்டார்.

அகீலா அதை வீட்டுக்கு வந்து புவாத்திடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல்நாள் புவாத் இரண்டு கார்டைத் தெரிந்தெடுத்து, வாய் வரைக்கும் படம் நிரப்பி, ஓடவிட்டுப் பார்த்து, அழித்து, மறுபடி நிரப்பினான். அவள் கேட்காமலே செய்தான்.

கல்யாண நாளில் பண்டாரவளை முழுக்க மூட்டம். மண்டபத்து ஜன்னலால் அது புகை மாதிரி உள்ளே வந்தது. பின்பக்கம் படங்குப் பந்தலுக்குக் கீழே, மூடிகளை மாவால் ஒட்டிய பிரியாணிச் சட்டிகள் தணலில் இருந்தன. பெண்கள் வாசலில் பர்ஹானின் ஆள் றிகாஸ் நின்றான். ஆண்கள் பக்கம் கமரா தூக்குகிறவன், வழக்கமாகக் கார்டை வாங்கிப் போகிறவனும் அவன்தான். அகீலா கறுப்புப் பெட்டியை அப்படியே, திறக்காமல், அவன் கையில் கொடுத்தாள். இதை நானாவிடம் கொடுத்துவிடு, ஸலாம் சொன்னேன் என்று சொல் என்றாள். றிகாஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு மழைத்தூறலில் நின்றான்.

உள்ளே திரை விழுந்ததும் ஸுபைரா நடுவில் வந்து நின்று கையைத் தட்டினார். இன்றைக்கு எடுக்கிற படம் இந்த மண்டபத்தை விட்டு என் கையில்தான் போகும், வேறு எவனுடைய கண்ணுக்கும் போகாது, எல்லோரும் ஆசைப்பட்டபடி இருங்கள் என்றார். பிறகு பின்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் எழுந்து, முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து பாடத் தொடங்கினார். இத்தனை வருடம் கமராவைக் கண்டால் ஒதுங்கி நின்ற பெண்கள் கமராவுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். அகீலாவுக்குத் தோள் வலி தெரியவில்லை. ஒரு கண் மட்டும் கமராவின் ஓரத்தில் எரிகிற சிறு சிவப்பு விளக்கிலேயே இருந்தது. அது அணையவில்லை.

ஸஹன் சாப்பிட்டு எழுந்து, வட்டிலாப்ப இனிப்பும் கொடுத்து, மணப்பெண்ணுக்கு அபாயா மாட்டுகிற நேரத்தில் அகீலா கமராவைத் திறந்தாள். கார்ட் சுடச்சுட வெளியே வந்தது. அதை ஸுபைராவின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் மகளைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்தார். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அதைத் தொட்டுப் பார்த்தார்கள். இவ்வளவுதானா, இதுக்குள்ளேயா நாங்கள் எல்லோரும் இருக்கிறோம் என்று ஒருத்தி கேட்டாள்.

ஸல்மா கைக்குழந்தையோடு வந்து, அந்த வீட்டு அறையிலேயே மடிக்கணினியை வைத்துப் படத்தைச் சீராக்கிக் கொடுத்தாள். எந்தத் துண்டு வேண்டும், எது வேண்டாம் என்று மணப்பெண்ணே பக்கத்தில் இருந்து சொன்னாள். முடிந்ததும் கணினியில் இருந்ததை அவள் கண்ணுக்கு முன்னால் அழித்துவிட்டு ஸல்மா எழுந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். பர்ஹான் பெண்கள் மண்டபத்தை இலவசமாக்கினார். ஆண்கள் பக்கம் பதிந்தால் பெண்கள் பக்கம் சும்மா என்று பலகை வைத்தார். எடுப்பதற்கு மகியங்கனையில் இருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார். இலவசம் என்றால் யாருக்குத்தான் மனம் போகாது? டிசம்பரில் அகீலாவுக்கு ஒரே ஒரு வேலை வந்தது. அவள் கூலியைக் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி ஸல்மாகூடச் சொன்னாள். கார்டின் விலை இறங்கலாம், என் தோளின் விலை ஏன் இறங்க வேண்டும் என்று அகீலா கேட்டாள். மொஹிதீன் ஹாஜியார் பள்ளிவாசல் கூட்டத்தில் எழுந்து, ஸ்டூடியோ மாடியில் எங்கள் பிள்ளைகளின் படங்கள் இன்னும் கிடக்கின்றனவா என்று எல்லோர் முன்னாலும் பர்ஹானைக் கேட்டார். இல்லை என்றார் பர்ஹான். நம்பினவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு உம்மாமார் ஸ்டூடியோவுக்குப் போனால் விலையைக் கேட்கமுன் கார்டைத் தருவீர்களா என்று கேட்கத் தொடங்கினார்கள். புவாத் கட்டார் மச்சானுக்கு, இந்த வருடம் வரவில்லை என்று சொன்னான். அடுத்த வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஜெயலெட்சுமி கடைக்கு வந்தார். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அரைநாள் லீவு சொல்லி, நேராகப் பஸ் ஏறி வந்திருந்தார். சேலை விளிம்பில் ஈரச் சேறு. கண்ணாடிப் பெட்டியைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க படம் எடுத்த கார்ட்ட கையிலயே குடுத்துருவீங்களாமே, நெசமாங்க?"

நிஜம்தான் என்றாள் அகீலா.

"பெரியவ கல்யாணத்துக்கு எடுத்த படம் இன்னைக்கு வரைக்கும் வரலைங்க. கேட்டுக் கேட்டுப் போயி, கடைசில கம்பியூட்டர் ஒடஞ்சு போச்சுன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அந்தக் கல்யாணத்துலதான் கடைசியா வேட்டி கட்டி நின்னாரு. அடுத்த மாசமே போயிட்டாரு. இப்ப சின்னவளுக்கு வச்சிருக்கு. எங்க லயத்துக்கெல்லாம் நீங்க வருவீங்களா?"

வருகிறோம் என்று புவாத் சொன்னான். அகீலாவை முந்திக்கொண்டு சொன்னான்.

தோட்டத்துக் கல்யாணத்தில் திரை இல்லை, ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். அதனால் புவாத்தும் கடையைப் பூட்டிவிட்டு லைட் தூக்க வந்தான். பாதை சேறாகிப் பஸ் ஏறவில்லை. கொழுந்து ஏற்றுகிற டிரக்டரில் பெட்டிகளையும் வாழைக் குலையையும் சோற்றுச் சட்டிகளையும் ஏற்றி, அதிலேயே அவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கோயில் முன்னால் படங்கு கட்டியிருந்தது. மணப்பெண் மதுஷா தோட்டத்துச் சிறுவர் பள்ளியில் படிப்பிக்கிறவள். மாப்பிள்ளை கஜேந்திரன் அப்புத்தளையில் ஒரு பேக்கரியில் வேலை. தாலி கட்டுகிற நேரத்துக்குக் கரண்ட் போனது. புவாத் பற்றரி லைட்டை உயர்த்திப் பிடித்தான். மழைச் சாரல் அந்த வெளிச்சத்தில் வெள்ளிக் கம்பிகளாக விழுந்தது. ஜெயலெட்சுமி அழுததையும், அழுதுகொண்டே பந்தலில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வாளி வைக்கச் சொல்லிக் கைகாட்டியதையும் அகீலா ஒன்றும் விடாமல் எடுத்தாள்.

பந்திக்கு உட்கார வைத்தார்கள். ஹலால் பார்ப்பவர்கள் என்று, இறைச்சி போடாத இலை தனியாக அவர்களுக்கு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பாயாசம். மதுஷா மாலையோடு வந்து தானே பரிமாறினாள். கார்டைக் கழற்றி அகீலா அங்கேயே அவளிடம் கொடுத்தாள்.

"இது எங்களுக்கேவா அக்கா? திருப்பிக் கேக்க மாட்டீங்கல்ல?"

"ஒங்களுக்கேதான். ஒங்கட கையெழுத்துல பேர் எழுதி வச்சுக்கோங்க."

மதுஷா பேனை தேடி லயத்து வீட்டுக்குள் ஓடினாள். அந்த நேரத்தில் அகீலாவின் போன் அடித்தது. பர்ஹான். இலையில் இருந்து எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, தேயிலைச் செடிகளின் ஓரமாகப் போய்ப் பேசினாள். அவர் வழக்கமான குரலில்தான் பேசினார். ஸ்டூடியோவிலும் இனிக் கார்டையே கொடுத்துவிடப் போகிறாராம். உம்மாமார் விடுவதாக இல்லையாம். கொழும்பில் இருந்து ஒரு பெட்டி கார்ட் இறக்கியாச்சாம், இப்போது அது இன்னும் மலிவு. இனி உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், வீணாகக் கஷ்டப்படாமல் திரும்பி வந்துவிடு, உன்னைப்போல எடுக்க அந்தப் பிள்ளைக்கு வராது என்றார்.

அகீலா கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே பதுளை தெரியவேண்டிய திசையில் வெறும் வெள்ளை மூட்டம்தான் இருந்தது.

"நல்ல விஷயம் நானா. எல்லாருக்கும் குடுங்க," என்றாள். "பழைய படத்தையும் அவங்கவங்க முன்னுக்கு வச்சு அழிச்சுடுங்க. நான் வரமாட்டேன்."

அவர் மேலும் ஏதோ சொன்னார். அவள் ஸலாம் சொல்லி வைத்தாள்.

புவாத் பாதி இலையில் எழுந்து வந்திருந்தான். யார் என்று கேட்டான். சொன்னாள். அவன் முகம் கடையில் விலைச் சீட்டு மாற்றுகிற நாட்களில் இருந்தது போல ஒரு கணம் சுருங்கியது.

"அவரும் குடுத்தா, அப்ப நாம?"

பந்தலில் உறுமி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு இளந்தாரிகளும் கொழுந்து எடுக்கிற பெண்களும் சேற்றில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட இறங்கினார்கள். அகீலா இடுப்புப் பட்டியை இறுக்கி, புதிய கார்ட் ஒன்றை எடுத்துக் கமராவுக்குள் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நாம அவரவிட நல்லா எடுக்கோணும்," என்றாள். "லைட்டத் தூக்குங்க."